டிரைவர் சீட் எழும் நேரம்

படுக்கை அறையிலிருந்து முதலில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு. அதன் பிறகு விடாத உறுமல்.

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை அப்படியே நின்றது.

"அம்மா, என்ன சத்தம் அது?"

கண்டக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த டீ கிளாஸை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"உங்கப்பா வந்திருக்கார். இரு, டீ ஆறிடும்."

மகளின் கையிலிருந்து தட்டு நழுவியது. தரையில் விழுந்து, சுழன்று சுழன்று ஓய்ந்தது. அப்பா கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவர் முகத்தைக் கடைசியாகத் துடைத்தவள் இதே மகள்தான்.

"முன்னாடி போய்ப் பாரு. உட்கார்ந்திருக்கார். இப்ப எழுந்திரிப்பார்" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் வந்திருப்பதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக.

மகள் போனாள். போகாமல் என்ன செய்வாள்? டிரைவர் சீட் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. கனத்த உடம்பு ஒன்று அதில் சாய்ந்திருப்பது போலத்தான் இருந்தது. சீட்டில் யாரும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல, ஒரு பெருமூச்சோடு, மேலே எழுந்தது. யாரோ கையை ஊன்றி எழுந்து போன மாதிரி. எழுந்து நின்றதும் பின்னறையில் உறுமலும் அடங்கியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ரப்பர் கருகுகிற வாசனை.

மகள் கத்தியது பக்கத்து மரக்கடையில் ரம்பம் ஓட்டுகிறவர்களுக்குக்கூடக் கேட்டது.

*

அந்த வீடு ஒரு பஸ். ஒரு காலத்தில் ஊர் ஊராக ஆட்களை ஏற்றி இறக்கிய நிஜமான பஸ். அதில் டிக்கெட் கொடுத்தவள் இவள். ஓட்டியவர் அவர். இருவருக்கும் நடுவே வண்டி நிறைய ஜனம். பேச வழியே இல்லை. விசிலில்தான் பேசினார்கள். நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு. வருஷக்கணக்கில் அதுதான் அவர்களுடைய பேச்சு. ஒரு நாள் கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கிய பிறகு, அவர் கண்ணாடியில் இவளைப் பார்த்து, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு விசில் கொடுத்தாள். டிப்போவில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது.

ரிடையர் ஆன பிறகு, ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய அதே வண்டியை டிப்போ ஏலத்தில் எடுத்தார்கள். சீட்டுகளைக் கழற்றிவிட்டு நடுவில் சமையல் மேடை, பின்னால் படுக்கை அறை, கூரையில் சோலார் தகடு. டிரைவர் சீட்டை மட்டும் அவர் தொட விடவில்லை. "முதுகு அதுலதான் சரியா உட்காருது" என்றார். கொஞ்ச காலம் ஊர் சுற்றினார்கள். பிறகு ஊர் ஓரத்தில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் இடம் பிடித்து நிறுத்தினார்கள். வண்டி நின்றது. அவர்கள் வாழ்ந்தார்கள். ஒரு மத்தியானம் அவர் பின்னறைப் படுக்கையில் தூங்கப் போனார். அதன் பிறகு இவள் மட்டும் வாழ்ந்தாள்.

வாழ்ந்தாள் என்று சொன்னால் பொய். சுவர் மாதிரி இருந்தாள். அந்தச் சத்தம் வர ஆரம்பித்த பிறகுதான் மறுபடி தலை வாரினாள். சாயங்காலமானால் இரண்டு டீ போட்டாள். டிரைவர் சீட்டுக்கு எதிரே உட்கார்ந்து அன்றைய சங்கதியெல்லாம் சொன்னாள். மரக்கடைக்காரன் லாரியை வழியில் நிறுத்துவது, மகளின் தலைவலி, தன் முட்டி வலி. சீட் அமுங்கியிருக்கும் வரை பேசுவாள். எழுந்தால் நிறுத்திவிடுவாள். கேட்டவர் போய்விட்டாரே!

இதெல்லாம் மகளுக்கு எப்படித் தெரியும்? அவள் பார்த்தது இவ்வளவுதான்: ஒரு காலி சீட், ஒரு தீய்ந்த வாசனை, இரண்டு கிளாஸில் டீ.

"ஃபியூஸ் சித்தப்பாவை வரச் சொல்லிட்டேன்" என்று கிளம்பும்போது சொன்னாள். கண் சிவந்திருந்தது. "அவர் வந்து இதை நிறுத்தினா, இது ஒரு ரிப்பேர். நீ இங்கயே இரு, நான் வாயே திறக்கல. நிறுத்த முடியலன்னா, ஞாயித்துக்கிழமை வண்டி காயலான் கடைக்கு. நீ என் வீட்டுக்கு."

"உன் வீட்டுல எனக்கு என்னடி குறை? அவருக்கு வழி தெரியாதே."

"அம்மா!"

"சரி, சரி. அழாத. பஸ் போயிடும், கிளம்பு."

மகள் போன பிறகு கண்டக்டரம்மா கீழே கிடந்த தட்டை எடுத்து வைத்தாள். சத்தம் நிற்காவிட்டால் வீடு போய்விடும். நின்றுவிட்டால் அவர் போய்விடுவார். கடவுளே, எந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு கணக்கு வர வேண்டும்!

*

ஃபியூஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். சட்டென்று கோபம் வந்து, சட்டென்று அணைந்துவிடும். அதனால் அந்தப் பெயர். டிரைவரை அண்ணன் என்று கூப்பிட்டுக் கூடவே சுற்றியவர். இந்த வண்டியின் ஒயரிங் முழுக்க அவர்கள் இருவரும் சேர்ந்து போட்டதுதான். கரண்டில் கையை வைக்க அவருக்குப் பயமே கிடையாது. பேய்க்குத்தான் பயம்.

"என்ன அண்ணி, அண்ணன் தொந்தரவு பண்றாராமே?"

"தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போறார்."

ஃபியூஸ் ஒரு காலைப் படியில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"எங்க?"

"டிரைவர் சீட்டுல."

"நான் அந்தப் பக்கம் போகாம வேலையை முடிக்க முடியாதா?"

"ரிலே எல்லாம் டேஷ்போர்டுக்குள்ளதானே வெச்சீங்க?"

"அதான். அன்னைக்கே சொன்னேன், பின்னாடி வைக்கலாம்னு. அண்ணன் கேட்டாரா?"

டீ வந்தது. குடித்தார். இன்னொரு டீ வந்தது. அதையும் குடித்தார். மூன்றாவது கிளாஸைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி, என்னை டீயிலேயே முக்கிக் கொன்னுடலாம்னு பார்க்கறீங்களா? வேலை செய்ய விடுங்க."

"இன்னைக்கு அது ஓடாது தம்பி. இன்னொரு நாள் வாங்களேன்."

"ஓடலன்னா நல்லதுதானே?" என்றார் ஃபியூஸ். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

விஷயம் பெரிதொன்றும் இல்லை. பஸ்ஸின் கதவு காற்றில் திறக்கிற கதவு. டிரைவர் சீட்டும் காற்றில் மிதக்கிற சீட். எஞ்சின் ஓடினால் காற்று தானாக நிரம்பும். நின்ற வண்டிக்கு எஞ்சின் ஏது? அதனால் படுக்கைக்கு அடியில், பேட்டரிகளுக்குப் பக்கத்தில், மின்சாரத்தில் ஓடும் ஒரு சின்ன கம்ப்ரஸரை வைத்தார்கள். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டுக்குள் ரிலே என்கிற சின்ன சுவிட்ச் ஒட்டும். ரிலே ஒட்டினால் கரண்ட் பாயும். டேங்கில் காற்று குறைந்தால் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை ஓட்டும். நிறைந்தால் நிறுத்தும். சாவி போடாவிட்டால் எதுவும் நடக்கக் கூடாது. அப்படித்தான் ஃபியூஸ் போட்டிருந்தார்.

சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் தூசி.

டிரைவர் சீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதைத் தொடாமல் பக்கவாட்டில் வளைந்து டேஷ்போர்டைத் திறந்தார். டெஸ்ட் லாம்பை வைத்தார். எரியவில்லை. மீட்டரை வைத்தார். ரிலேயைத் தாண்டிக் கரண்ட் போகவில்லை. ரிலேயின் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அதைப் பிடுங்கிப் பார்த்தார். புத்தம் புதிது போல இருந்தது.

"இங்க ஒரு தப்பும் இல்ல. பின்னாடி பார்க்கணும். படுக்கையைக் கொஞ்சம் எடுத்துடலாமா?"

"வேண்டாம்." குரல் கத்தி மாதிரி வந்தது. பிறகு தணிந்தாள். "அவர் படுத்தது அப்படியே இருக்கு. தலையணையில பள்ளம்கூட இருக்கு. கலைச்சுடாதீங்க."

"நீங்க எங்க அண்ணி படுக்கறீங்க?"

"ஓரமா."

ஃபியூஸ் பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உள்ளங்கையில் ரிலேயை உருட்டியபடி நின்றார். கண்டக்டரம்மா ஜன்னலில் வெயில் இறங்கியிருப்பதைப் பார்த்தாள்.

"டூட்டி முடியற நேரம். இருங்க, டேங்கை விட்டுட்டு வர்றேன்."

"எதை விட்டுட்டு?"

"காத்தோட ஏறி ஏர் டேங்க்ல நிக்கற தண்ணியை. ஷிஃப்ட் முடிஞ்சு இறங்கறப்போ அவர் ஒரு நாள்கூடத் தவறினதில்லையே. வண்டி வீடான பிறகும், கை விழற வரைக்கும் நிறுத்தல. 'டேங்குக்குள்ள தண்ணி நிக்கக் கூடாது'ன்னு தினமும் சொல்வார். அவர் போன பிறகு யார் பார்ப்பா? நான்தான் பார்க்கறேன்."

தரையில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாக ஒரு நாடா மேலே வந்து, ஓர் ஆணியில் சுற்றியிருந்தது. அவள் அதை அவிழ்த்து இழுத்தாள். வண்டிக்கு அடியில் 'ஷ்ஷ்' என்று சீறியது. கொஞ்ச நேரம் கழித்து நாடாவை விட்டு, மறுபடி ஆணியில் சுற்றி முடிந்தாள். முட்டி வலியால் வண்டிக்கு அடியில் குனிய முடியாமல் அவளாகச் செய்த ஏற்பாடு.

ஃபியூஸ் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ரிலே கையில் இருந்தது. ஃபியூஸ் பெட்டி திறந்திருந்தது. இன்றைக்கு இந்த வண்டியில் ஒரு எறும்புகூட மோட்டாரை ஓட்ட முடியாது என்கிற தைரியத்தில், மரக்கடைக்காரனின் லாரியைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு நடுவில் அவள் நிறுத்தினாள். "உட்கார்றார்" என்றாள்.

ஃபியூஸ் திரும்பினார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில், டிரைவர் சீட் இறங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. வேலை முடித்து அலுத்துப் போய் உட்காருகிற மனுஷன் மாதிரி.

"அண்ணி..."

"சும்மா இருங்க. உங்களைப் பார்த்தா சந்தோஷப்படுவார்."

பின்னறையில் 'டக்'. செருமல். உறுமல்.

ஃபியூஸ் கையை விரித்துப் பார்த்தார். ரிலே அங்கேயே இருந்தது. சாவி ஆணியில் இருந்தது. கரண்ட் போக வழியே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்து ஊற்றியது. "அண்ணா, சத்தியமா நான் ஒயரிங்கைச் சரியாத்தான் போட்டேன்" என்று காலி சீட்டிடம் சொன்னார். குரல் உடைந்து, அழுகையும் சிரிப்புமாக வந்தது. சீட் மெல்ல எழுந்தது. உறுமல் நின்றது.

இரண்டு பேரும் பேசவில்லை. ரம்பம்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில்தான் அது கேட்டது. கவனித்துக் கேட்டால் மட்டும் கேட்கிற, மெல்லிய, விடாத ஒரு 'ஸ்ஸ்'.

ஃபியூஸ் தரையில் காதை வைத்தார். ஆணியிலிருந்து நாடாவை ஒரு சுற்று தளர்த்தினார். 'ஸ்ஸ்' நின்றது. மறுபடி இறுக்கினார். வந்தது. தளர்த்தினார். நின்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, இந்த நாடாவை ஏன் இப்படி இழுத்துக் கட்டறீங்க?"

"தொங்கினா அடியில விழுந்துடுமே."

"இழுத்துக் கட்டினா அடியில டேங்கோட வால்வு முழுசா மூடாது. மயிரிழை அளவு திறந்தே இருக்கும். காத்து கசிஞ்சுகிட்டே இருக்கும். கசியக் கசிய சீட்டு இறங்கும். ரொம்பக் குறைஞ்சா மோட்டார் ஓடும். காத்து ஏறினா சீட்டு எழும்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "நாளெல்லாம் இப்படித்தான் ஓடியிருக்கணும். சாயங்காலம்தானே நீங்க கிட்ட உட்கார்ந்து கவனிக்கறீங்க."

கண்டக்டரம்மா ஆணிப் பக்கம் திரும்பினாள். நாடாவையே பார்த்தாள். அவர் செய்த வேலை நின்றுவிடக் கூடாது என்று ஒரு நாள் தவறாமல் இழுத்துக் கட்டிய நாடா! வந்தவரை வரவழைத்தது அவளுடைய கைதான்.

"அப்போ, நான் பேசினதெல்லாம்?" என்றாள் கடைசியில்.

ஃபியூஸ் நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாடாவை அவிழ்த்துட்டா தீர்ந்துதா தம்பி?"

"தீரலையே." ஃபியூஸ் ரிலேயைத் தூக்கிக் காட்டினார். "காத்து குறைஞ்சதுக்குக் காரணம் தெரிஞ்சிருச்சு. ஆனா கரண்ட்? இது இல்லாம மோட்டார் எப்படி ஓடும்? தீஞ்ச வாசனை அடிச்சதுன்னு உங்க பொண்ணு வேற சொன்னா. படுக்கையை எடுத்தே ஆகணும் அண்ணி. நான் தொடல. நீங்களே எடுங்க."

அவள் போனாள். தலையணையின் முன் நின்றாள். பள்ளத்தில் ஒரு தடவை கன்னத்தை வைத்தாள். பிறகு, கூட்டத்தில் பிள்ளையைத் தூக்குவது போல, கலையாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றாள். ஃபியூஸ் பலகையைத் தூக்கினார்.

பலகையின் அடிப்பக்கம் கரிக்கோடு போட்டது போலக் கறுத்திருந்தது. அவள் ஓரமாகப் படுக்கிற இடத்துக்கு நேர் கீழே.

டார்ச் வெளிச்சத்தில் ஃபியூஸின் ஒயரிங் வரிசையாக, சுத்தமாக, குழாய்க்குள் ஓடியது. அதன் குறுக்கே, பேட்டரியிலிருந்து நேரே பிரஷர் சுவிட்சுக்கு, வேறொரு ஒயர். மெல்லியது. படுக்கை விளக்குக்குப் போடுகிற ஒயர். சூட்டில் இளகிப் பலகையோடு ஒட்டியிருந்தது. அந்த ஒயர் இருக்கும் வரை சாவியும் வேண்டாம், ரிலேயும் வேண்டாம்.

"இது நான் போட்டதில்ல" என்றார் ஃபியூஸ். "நானும் போடல, நீங்களும் போடல. அப்ப யாரு?"

"பொண்ணு வேற யாரையாவது கூட்டிட்டு வந்திருப்பாளோ?"

"எலெக்ட்ரீஷியன் எவனும் இவ்வளவு பெரிய மோட்டாருக்கு இந்த நூலைப் போட மாட்டான். கையில கிடைச்சதைப் போட்டிருக்காங்க."

அவர் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். முனையில் டேப் சுற்றியிருந்தது. மேலும் கீழுமாக, தடித்தும் சுருங்கியும். அவர் தன் வலது கையால் காற்றில் டேப் சுற்றிப் பார்த்தார். இடது கையால் சுற்றிப் பார்த்தார். முகம் மாறியது.

"எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு அண்ணி. இடது கையால சுத்தினது." ஒயரின் தோலை விரலால் தடவினார். "உரிச்சது பிளேடால இல்ல. பாருங்க. பல்."

அவள் குனிந்து பார்த்தாள். நீல நிறத் தோலில் சின்னச் சின்னதாகப் பல் தடம். நடுவில் ஒரு முன்பல் பாதிதான் பதிந்திருந்தது, அவருடைய உடைந்த முன்பல்.

தலையணை அவள் கையிலிருந்து விழுந்தது.

அவருக்கு முதல் தடவை பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது என்ன நடந்தது என்று இருவருக்குமே தெரியும். ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. கதவு திறக்கவில்லை. டேங்கில் காற்று இல்லை. சாவி எங்கே என்று தெரியவில்லை. இவள் கதவை அடிக்கிறாள், உதைக்கிறாள், அலறுகிறாள். அவர் தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் கோணியிருக்கிறது. சொல்ல முடியவில்லை. கடைசியில் பின்பக்கக் கண்ணாடியை உடைத்துத்தான் தூக்கிப் போனார்கள். பிழைத்துத் திரும்பினார், வலது கை செத்துப்போய், பேச்சு குழறி. வந்த நாளிலிருந்து கதவைக் காட்டிக் காட்டி என்னமோ சொன்னார். "ஆமாங்க, பூட்டியாச்சு" என்று இவள் சமாதானம் சொன்னாள்.

"நீங்க கடைக்குப் போன நேரத்துல பலகையைத் தூக்கியிருப்பார்" என்றார் ஃபியூஸ். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "டேஷ்போர்டு வரைக்கும் நடக்க முடியாது. இங்கேயே, படுக்கையை விட்டு எறங்காம, கைக்கு எட்டின ஒயரை... சாவி இல்லாம காத்து ஏறணும். கதவு எப்பவும் திறக்கணும். அதுக்குத்தான். ஒத்தைக் கையால, பல்லால! ஐயோ அண்ணா, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"எப்படிப் பண்ணுவார்? பேச்சு வரலையே" என்றாள் அவள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு இன்னொன்று நினைவு வந்தது. அவர் போன அந்த மத்தியானம். உடம்பு சில்லிட்டிருப்பது தெரிந்து ஓடி வந்து கதவின் பட்டனை அழுத்தினாள். அழுத்திய கையோடு திறந்தது. வெளியே ஓடினாள், கத்தினாள், ஜனம் உள்ளே வந்தது. கதவு ஏன் அன்றைக்குச் சாவி இல்லாமலே உடனே திறந்தது என்று இன்று வரை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவள் பலகையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. ஒரு வருஷமாக வராத அழுகை. ஃபியூஸ் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

வெகு நேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை அப்படியே விட முடியாதா?"

"அண்ணி, பலகையைப் பாருங்க."

"பார்த்தேன்."

"தினம் நீங்க இதுக்கு மேலதான் படுக்கறீங்க. என்னைக்காவது ஒரு நாள் பத்திக்கும். நீங்க கதவுகிட்ட ஓடறதுக்குள்ள..." பலகையின் கரியை விரலால் தொட்டுக் காட்டினார். "உங்களைக் காப்பாத்தப் போட்ட ஒயர் அண்ணி. அதுவே உங்களை எரிச்சுதுன்னா, அப்புறம் அண்ணன் நிஜமாவே பேயாத்தான் அலைவார்."

"நாடாவைக் கட்டலன்னா ஓடாதே?"

"கதவு திறக்க ஓடுமே. ஓடினா சூடேறும். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். தடிச்ச ஒயரா, ஃபியூஸ் வெச்சு, கட்டில் பக்கத்துல ஒரு சுவிட்ச் போட்டுத் தர்றேன். நீங்க போட்டா ஓடும். நிறுத்தினா நிக்கும்."

"நானே பட்டனை அழுத்தி, நானே அவர் வந்துட்டார்னு டீ போடணுமா?"

"சுவிட்ச் அண்ணனுக்கு இல்ல அண்ணி. கதவுக்கு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனுஷன் ஒரு நாளும் இவ்வளவு மென்மையாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"ஒரே ஒரு தடவை" என்றாள். "வெட்டறதுக்கு முன்னாடி."

ஃபியூஸ் தலையை ஆட்டினார். டேங்கைத் திறந்து காற்றை வேண்டிய அளவு குறைத்தார். டார்ச்சைப் பலகைக்கு அடியில் பிடித்து, புகை வருகிறதா என்று பார்த்தபடி, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

சீட் இறங்கியது. கண்டக்டரம்மா எதிரே போய் உட்கார்ந்தாள். எல்லாம் இப்போது தெரியும். காற்றுதான். நாடாதான். இருந்தாலும் அந்தச் சீட் அமுங்குகிற விதத்தில் அவர் இருந்தார்.

"உங்க பொண்ணு என்னை வரச் சொல்றா. நான் போகல" என்றாள் மெதுவாக. "கதவு நல்லாத் திறந்துதுங்க அன்னைக்கு. அதைச் சொல்லலையே உங்ககிட்ட. அழுத்தினதும் திறந்துது." கொஞ்சம் நிறுத்தினாள். "டேங்க்ல தண்ணி நின்னா நிக்கட்டும். இனிமே நான் பார்க்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

சீட் எழுந்தது. முழுதாக எழுந்து நிற்கும் வரை அவள் பார்த்தாள். மோட்டார் நின்றது.

"சரி தம்பி" என்று குரல் கொடுத்தாள்.

பின்னறையில் கட்டிங் பிளேயர் ஒரு தடவை கடித்தது. அவ்வளவுதான் சத்தம்.

வேலை முடிய வெயில் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. புது ஒயர், புது ஃபியூஸ், கட்டிலோரம் ஒரு வெள்ளை சுவிட்ச். நாடாவைக் கழற்றி, தரை ஓட்டையைத் தக்கையால் அடைத்தார். ஒரு தடவை சுவிட்சைப் போட்டுக் காட்டினார். ஓடியது. நிறுத்தினார். நின்றது. தையல் மிஷின் மாதிரி, வெறும் மோட்டார். அதில் யாரும் செருமவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "சரி பண்ணிட்டேன்மா. ஒரு ஒயர் கோளாறு. அம்மா இங்கயே இருக்கட்டும்" என்றார். யார் போட்ட ஒயர் என்று அவர் சொல்லவில்லை. அதை அண்ணிதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கையில் அந்த நீல ஒயர் துண்டு இருந்தது. தயங்கி நீட்டினார்.

"வெச்சுக்கறீங்களா அண்ணி? பல்லு தடம் இருக்கு."

அவள் கை நீண்டது. ஒயருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பிறகு கையை மடியில் வைத்து, மற்றொரு கையால் அழுத்திக்கொண்டாள்.

"வேண்டாம். எடுத்துட்டுப் போயிடுங்க."

"எங்கயாவது பத்திரமா..."

"இங்க இருந்தா என்னைக்காவது ஒரு நாள் திரும்ப மாட்டிடுவேன் தம்பி. எனக்கு என்னைத் தெரியும்."

ஃபியூஸ் ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். படியில் இறங்கினார். கீழே நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "வர்றேன் அண்ணி" என்றார்.

"பார்த்துப் போங்க. லாரி குறுக்க நிக்கும்."

அவள் கதவை மூடினாள்.